ஆபா என் தட்டில் தள்ளிய களி

இன்று ஆம்பூர் மளிகைக் கடையில் ஒரு பெண் தோழியிடம், "வெயிட் கம்மியாவணும், ராத்திரி சாப்பாட்ட விட்டுட்டேன்" என்றாள்.

"விடாதம்மா. கேவுரு களி, கீரைன்னு வயிறார சாப்புடு" என்று நான் குறுக்கே புகுந்தேன்.

1960களில், பெண் பார்க்க வந்தவர்கள் நான் ஆபா என்று கூப்பிடும் என் அக்காவை "சதை ஜாஸ்தி" என்று சொல்லிப் போனார்கள். ரம்ஜான் முடிந்தும் ஆபா நோன்பை விடவில்லை.

"எம் பொண்ணு மாதிரி நோன்பு புடிக்க யாரால முடியும்?" என்று அம்மா பெருமைப்பட்டார்.

நோன்பு திறக்கும்போது ஆபா தன் களியை என் தட்டில் தள்ளுவார். எனக்கு எட்டு வயது, சந்தோஷமாகத் தின்றேன்.

அடுத்து வந்தவர்கள் "நோஞ்சான்" என்றார்கள். அதற்கடுத்து வந்தது காய்ச்சல். அது ஆபாவைக் கொண்டுபோய்விட்டது.

கடையில் அந்தப் பெண் என்னை முறைத்தாள். முறைக்கட்டும்.

உங்கள் வீட்டில் யார் தட்டு சீக்கிரம் காலியாகிறது? அந்தச் சாப்பாடு யார் வயிற்றுக்குப் போகிறது என்றும் பார்த்துச் சொல்லுங்கள்.