தளபதி கார்வேந்தனைப் பார்க்க முடிச்சூருக்கு

சங்கரன்கோவிலில் ஏறிய ரயில், ஞாயிறு காலை ஐந்தே முக்காலுக்கு என்னைத் தாம்பரத்தில் இறக்கிவிட்டது. கோட்டை, அருவி, கோயில் என்று ஊர் ஊராகப் போய் எழுதிக்கொண்டிருப்பவன் நான். இந்தமுறை பார்க்க வந்தது ஒரு தளபதியை. பெயர் கார்வேந்தன். போர்க்களத்தில் புலி, மருந்து நூல்களில் கரை கண்டவர். ஒரே ஒரு குறை, அவர் எங்கும் பிறந்தவரல்லர்.

அழைத்தவள் என் அக்கா மகள் பவானி. தனியார் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சர். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் நாலு பேர் கூடி ஒரு விளையாட்டு ஆடுகிறார்கள். பலகை கிடையாது, காய் கிடையாது. மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஒரு கதையை வாயாலேயே ஆடுவார்கள். பவானி கதை சொல்லி. மற்ற மூவரும் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரம். என்ன செய்வது என்று அவர்கள் முடிவு செய்வார்கள். நடக்குமா நடக்காதா என்பதை இருபது முகமுள்ள பகடை முடிவு செய்யும். வளர்ந்தவர்கள் செய்கிற வேலையா இது என்று போனில் கேட்டேன். வந்து பாருங்க மாமா, அப்புறம் பேசுங்க என்றாள்.

மேற்குத் தாம்பரம் பக்கம் வந்து பதினைந்து ரூபாய்க்கு ஒரு டீ குடித்தேன். டீ என்று சொன்னார்கள், நானும் நம்பினேன். முடிச்சூர் சாலையில் ஷேர் ஆட்டோவுக்கு முப்பது ரூபாய். ஐந்து கிலோமீட்டர் தூரத்துக்கு ஓட்டுநர் தன் மாமனாரைப் பற்றிய புகார் முழுவதையும் சொல்லி முடித்துவிட்டார். வழியெல்லாம் அடுக்குமாடி, நடுநடுவே விலைப்பலகை ஊன்றிய காலி மனை. இங்கே நெல் விளைந்தது என்று சத்தியம் செய்தால்தான் நம்பலாம்.

பத்து மணிக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். நந்தினி, மென்பொருள் கம்பெனியில் வேலை, கதையில் வில்லாளி. ஏழுமலை, முடிச்சூர்க்காரர், அப்பா காலத்து நிலத்தை மனை போட்டு விற்பவர், கதையில் சாதாரணச் சிப்பாய். அவருக்குத் தளபதி பதவி கொடுத்தபோது வேண்டாம் என்றாராம். "நமக்கு இன்னாத்துக்கு சார் அந்த பேஜார்?" என்று என்னிடமும் கேட்டார். கடைசியாக வந்தவர் சுதாகர். காப்பீட்டு அலுவலகத்தில் அதிகாரி, நாற்பது வயது, சட்டைப் பையில் மூக்குக் கண்ணாடி. அவர்தான் கார்வேந்தன்.

அவருக்கு அன்று கடைசி ஆட்டம். நாக்பூருக்கு மாற்றலாகியிருந்தது. இந்தக் குழுவில் ஒரு சட்டம் உண்டு: ஒருவர் விட்டுப் போனால் அவர் பாத்திரத்தை இன்னொருவர் எடுத்து ஆடக் கூடாது. அதன் கதை அன்றைக்கே முடிந்துவிட வேண்டும். நாலு வருஷமாக வளர்த்த ஆளை, சாயங்காலத்துக்குள் எப்படியாவது ஒரு கரை சேர்க்க வேண்டிய நிலையில் சுதாகர் இருந்தார். இட்லியைப் பிட்டுவிட்டுத் தின்ன மறந்து உட்கார்ந்திருந்தார்.

கார்வேந்தனின் பழைய கதையைப் பவானி எனக்காகச் சுருக்கிச் சொன்னாள். இளம் வயதில் அவர் பயத்தைப் போக்கும் மருந்து ஒன்று கண்டுபிடித்தார். சோதித்துப் பார்க்கத் தன் படையில் எழுநூறு பேருக்குக் கொடுத்தார். பயம் போய்விட்டது. வெள்ளம் புரண்ட ஆற்றுக்குள் எழுநூறு பேரும் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். ஒருவன்கூடத் திரும்ப வேண்டும் என்று நினைக்கவில்லை. அன்றிலிருந்து தண்ணீர்ச் சத்தம் கேட்டால் கார்வேந்தனுக்கு அந்தச் சிரிப்பும் கேட்கும். இனி எந்த மனிதன்மேலும் மருந்தைச் சோதிக்கமாட்டேன் என்று சபதம் செய்திருந்தார். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு விளையாட்டு என்பது மறந்தே போயிற்று.

பதினோரு மணிக்குப் பவானி கதையைத் தொடங்கினாள். விடிவதற்குள் ஆற்றைக் கடந்தால்தான் அக்கரைக் கோட்டையைக் காப்பாற்ற முடியும். ஆற்றில் வெள்ளம். நானூறு வீரர்கள் நடுங்கிக்கொண்டு கரையில் நிற்கிறார்கள். கார்வேந்தன் கையில் அதே மருந்து, திருத்திச் செய்தது. ஒரே இரவு மட்டும் வேலை செய்யும் என்று அவர் கணக்கு. யாரும் குடித்துப் பார்த்ததில்லை. டீச்சர்கள் கேள்வித்தாள் தயாரிக்கும்போது இரக்கம் காட்டமாட்டார்கள் என்பது தெரிந்ததுதானே.

கொடுத்துவிடலாம் என்றாள் நந்தினி. ஒரு ராத்திரிதானே என்றார் ஏழுமலை. நியாயமாகப் பார்த்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். கொடுக்காவிட்டால் கோட்டை போகும். தோற்றவர் என்ற பெயரோடு தளபதியின் கதை முடியும். சுதாகர் கண்ணாடியை எடுத்துத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, சம்பந்தமில்லாததுபோல், இரண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளத்தைப் பற்றிச் சொன்னார். அப்போது இதே முடிச்சூரில் கீழ்வீட்டில் குடியிருந்தாராம். இடுப்பளவு தண்ணீரில் வீறாப்பாக முன்னால் நடந்த அவர் திறந்து கிடந்த கால்வாயில் விழுந்தார். தண்ணீர் என்றாலே அலறும் அவர் மனைவி, துடைப்பக்கட்டையால் ஒவ்வோர் அடியாகக் குத்திப் பார்த்து நடந்து, அவரைத் தூக்கிவிட்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் மெயின் ரோட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது நாம் தினமும் சொல்வதுதான். அதை வைத்து ஒரு படையை நடத்தலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. சுதாகர் நிமிர்ந்து உட்கார்ந்து, கார்வேந்தனாகப் பேசினார். முதலில் எழுநூறு பேர் கதையை ஒளிக்காமல் வீரர்களிடம் சொன்னார். தப்பு என்னுடையது என்றார். மருந்துக் குடுவையை அவர்கள் கண்ணெதிரே ஆற்றில் கொட்டினார். மீனுக்கெல்லாம் தைரியம் வந்துடும் என்று ஏழுமலை முணுமுணுத்தார், ஆனால் சிரிக்கவில்லை.

"உங்கள்ல ரொம்பப் பயப்படுறவன் யாரோ அவன் முன்னாடி வரட்டும். அவன்தான் எனக்கு வழி காட்டணும்," என்றார் தளபதி.

ஏழுமலை மெதுவாகக் கையைத் தூக்கினார். "நான் போறேன். எனக்குத்தான் காலு ரெண்டும் உதறிகினு கீது."

சிப்பாய் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, ஈட்டியால் ஆற்றைக் குத்திக் குத்தி நடந்தான். பன்னிரண்டோ அதற்கு மேலோ விழ வேண்டும் என்றாள் பவானி. ஏழுமலை பகடையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உருட்டினார். பதினான்கு. கயிறு அக்கரை மரத்துக்குப் போய்விட்டது. இக்கரையில் கட்ட மரமில்லை. ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். தளபதி நின்றார். நானூறு பேரும் அவர் கையிலிருந்த கயிற்றைப் பற்றிக்கொண்டு கரை ஏறினார்கள். எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது, விருந்தாளி என்பதால் அடக்கிக்கொண்டேன்.

கடைசி ஆள் கார்வேந்தன். கயிற்றைத் தானே கட்டிக்கொண்டு இறங்கினார். எட்டு விழுந்தால் போதும் என்றாள் பவானி. சுதாகர் உருட்டினார். நாலு.

நடு ஆற்றில் ஒரு மரம் மிதந்துவந்து மோதியது, கயிறு அறுந்தது என்று பவானி சொன்னாள். உடனே நந்தினி குறுக்கிட்டாள். இந்தக் குழுவில் இன்னொரு வழக்கமும் உண்டு. விட்டுப் போகிறவருக்கு ஒரு முறை மட்டும் மறுபடி உருட்டும் உரிமை. வழியனுப்பு வீச்சு என்று அதற்குப் பெயர். முன்பு துபாய்க்குப் போன ஒருவர் அதை வைத்துத் தன் ஆளைப் பிழைக்க வைத்தாராம். அண்ணா, உருட்டுங்க என்று பகடையை அவர் பக்கம் தள்ளினாள். ஏழுமலையும் கெஞ்சினார். நானும்தான்.

சுதாகர் பகடையை எடுத்துப் பவானியின் கையில் வைத்தார்.

"அந்த எழுநூறு பேருக்கு ரெண்டாவது தடவை உருட்டினோமா மேடம்?"

கார்வேந்தன் கரை சேரவில்லை, படை சேர்ந்துவிட்டது என்று பவானி கதையை முடித்தாள். சுதாகர் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து சாப்பிட்டார். அன்றைக்கு அவர் வயிறாரச் சாப்பிட்டது அப்போதுதான்.

மாலை ஐந்து மணிக்கு ஏழுமலை என்னைத் தன் காரில் ஏற்றிக்கொண்டார். முன்பெல்லாம் தெற்கே போகிற பேருந்துக்குப் பெருங்களத்தூரில் நின்றால் போதும், இப்போது கிளாம்பாக்கம்வரை போக வேண்டும். பெருங்களத்தூர் நெரிசலில் கார் நத்தையாக ஊர்ந்தது. பக்கத்தில் பார்த்தால் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். தளபதி இறந்ததற்காக என்று நினைத்து ஆறுதல் சொல்லப் பார்த்தேன்.

"செத்ததுக்கு அழுவல சார். ஜெயிப்போமா தோப்போமான்னு தெரியறதுக்கு முன்னாடியே அந்த மருந்த ஊத்துனாரு பாரு, அதுக்குத்தான்," என்றார்.

பேருந்தில் சன்னலோர இடம் கிடைத்தது. எங்கள் பக்கம் குதிரைமேல் வாளோடு நிற்கும் சிலைகளுக்குப் பஞ்சமில்லை. பாதிக்குமேல் நான் எழுதியிருக்கிறேன். தன் படைக்கு முன்னால் நின்று தப்பு என்னுடையது என்று சொன்னவருக்கு ஒரு சிலையும் நான் பார்த்ததில்லை. அப்படி ஒருவரைப் பார்க்க முடிச்சூருக்குத்தான் போக வேண்டியிருந்தது. இனி அங்கே போனாலும் அவர் இல்லை.