உப்புக் காற்றில் காய்ந்த நெல்

கடற்காற்று பட்டால் நெல் ஈரமாகிவிடும் என்று நான் மனப்பூர்வமாக நம்பினேன். மழைக்காலத்தில் வீட்டு உப்பு ஜாடி கசிவதைப் பார்த்து வளர்ந்த மூளை; அதற்கு மேல் ஆராய்ச்சி எதுவும் நடக்கவில்லை. அரசு நெல் கொள்முதல் நிலையமோ மரக்காணம் உப்பளங்களை ஒட்டிய களத்தில் இருந்தது. ஈரப்பதம் பதினேழு சதவீதத்தைத் தாண்டினால் நெல்லை எடுக்கமாட்டார்கள். எடுக்காவிட்டால், வேப்பமர நிழலில் பைக்கில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்த வியாபாரி சொல்வதுதான் விலை. அந்த விலைக்குக் கொடுத்தால் அடுத்த பட்டத்துக்கு நான் நிலத்தில் இறங்கவே முடியாது.

ஆகவே பங்குனி வெயிலில் என் நெற்குவியலைத் தார்ப்பாயால் இறுக மூடி, ஓரங்களில் கல் வைத்து, அதுவும் போதாதென்று மேலே நானும் ஏறி உட்கார்ந்துகொண்டேன். காற்றை ஜெயித்துவிட்ட பெருமிதம் வேறு.

அப்போதுதான் பக்கத்து உப்பளத்திலிருந்து என் மனைவியின் தம்பி வந்தான், உப்பு வாரும் பலகையைத் தோளில் சாய்த்தபடி.

"இன்னா மாமா, நெல்லை இட்லி மாதிரி வேக வெக்கிறீங்க?"

"டேய், உப்புக் காத்துடா. ஈரம் ஏறிடும்."

அவன் பலகையைத் தோளிலிருந்து இறக்கினான். "என் உப்பே அந்தக் காத்துலதான் மாமா காயுது."

என்னை இறக்கிவிட்டுப் பாயை உருவினான். சோற்றுப் பானையைத் திறந்தது போல ஆவி முகத்தில் அடித்தது. அவன் அந்தப் பலகையாலேயே நெல்லைப் பரப்பத் தொடங்கினான். நான் அலறினேன்.

"அதுல உப்பு ஒட்டிகினு இருக்குதுடா!"

"இருக்கட்டுமே. ரேஷன்ல வாங்குறவங்க சோத்துக்கு உப்பு போட வேணாம்."

உண்மையில் பலகையைக் கழுவித்தான் கொண்டுவந்திருந்தான். வெயில் முழுக்க இருவரும் காலால் நெல்லைக் கிளறிக்கொண்டே நடந்தோம். அவனுடைய உப்புக்கு விலை சொல்லி வாங்க இப்படி ஒரு அரசு நிலையம் கிடையாது. ஒரு கோடை மழை போதும், அவன் பாத்தியில் விளைந்த உப்பெல்லாம் கரைந்துவிடும். அப்படிப்பட்டவன் தன் வேலையைப் போட்டுவிட்டு என் நெல்லைக் காயவைத்தான் என்பதால்தான், எந்தக் கல்யாணப் பந்தியிலும் "இட்லி வெந்துச்சா மாமா?" என்று அவன் கத்துவதை இன்றுவரை பொறுத்துக்கொள்கிறேன்.

மாலையில் நிலையத்து எழுத்தர் ஒரு பிடி நெல்லை ஈரம் பார்க்கும் கருவியில் போட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டு, தெரிந்த சாமி, தெரியாத சாமி எல்லோரையும் கூப்பிட்டேன்.

பதினாறு என்று காட்டியது. இருட்டுவதற்குள் என் மூட்டைகளை எடைபோட்டு லாரியில் ஏற்றிவிட்டார்கள்.