நான் அப்பாவாக நடித்தது

பெண்கள் பள்ளி என்பதால் ஆண் வேடத்துக்கும் நாங்கள்தான். உயரமாக இருந்த பாவத்துக்கு எனக்கு அப்பா வேடம் கிடைத்தது. பழைய ஆங்கிலச் சோக நாடகம். பகைத்துக்கொண்ட இரண்டு குடும்பங்கள். இந்த வீட்டுப் பெண்ணும் அந்த வீட்டுப் பையனும் ரகசியமாகக் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். பெண்ணை வளர்த்த ஆயா அதற்கு உடந்தை. விஷயம் தெரியாத அப்பா, நான் பார்த்த மாப்பிள்ளையைக் கட்டிக்கொள் என்று மகளிடம் கத்துகிறார். கடைசியில் இளசுகள் இரண்டும் சாகின்றன. ஐம்பதுகளின் கடைசியில் சிங்கப்பூரில் ஆங்கிலப் பள்ளிக்குப் போனவர்கள் இப்படி ஒன்றிலிருந்து தப்பித்திருக்க முடியாது.

எங்கள் வீடு ஃபேரர் பார்க் பக்கம், ஒரு மளிகைக் கடையின் மேல்மாடி. அங்கேயும் அப்போது கல்யாணப் பேச்சுதான். அக்காவை ஊரில் இருந்த அத்தை மகனுக்குக் கொடுப்பதாக அப்பா கடிதம் எழுதிவிட்டார். அக்காவுக்குக் காதலும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. டீச்சராக வேண்டும், அவ்வளவுதான். ஆசிரியர் பயிற்சிக்கான விண்ணப்பத்தை அவள் நிரப்பினாள். அப்பாவின் கையெழுத்தை நான் போட்டு, நானே தபாலிலும் சேர்த்தேன். பதில் வரும்வரை கல்யாணத்தைத் தள்ளிப்போட வேண்டும். அதற்கு என்னிடம் இருந்த ஒரே வழி இந்த நாடகம்.

அப்பா துறைமுக ஆபீசில் கிளார்க். ஆங்கிலம் நன்றாகப் புரியும். பார்த்தால் மனம் மாறிவிடுவார் என்று நம்பினேன். என் புத்தி அப்படி. திட்டும்போது அவர் எதிரில் இருப்பவரைப் பார்க்க மாட்டார். சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்த்துத்தான் கத்துவார். நானும் மேடையில் மகளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தே கத்தினேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. மகள் செத்துக் கிடந்த காட்சியில் கைக்குட்டையை எடுத்தார். ஆஹா, பலித்துவிட்டது என்று எனக்கு ஒரே குதூகலம்.

சிராங்கூன் ரோட்டில் நடந்து வரும்போது சொன்னார்: "நல்லா நடிச்சே. ஆனா அந்த அப்பன் மேல ஒரு தப்பும் இல்லை."

"பொண்ணு செத்துப் போச்சேப்பா!"

"அதத்தான் சொல்றேன். இன்னும் சீக்கிரமா முடிச்சிருக்கணும் லா. அந்த ஆயா வேற நடுவுல பூந்து, சின்னஞ்சிறுசுக்கு ஏத்திவிட்டு, குடும்பத்தையே கெடுத்துட்டா."

மறுபடியும் கைக்குட்டையை எடுத்தார். மனிதர் நிஜமாகவே பயந்துபோயிருந்தார். அந்தப் பயம் பாசத்தால் வந்தது என்று எனக்குத் தெரிந்தது. அதனாலேயே எரிச்சலாக இருந்தது. அக்கா பக்கத்தில்தான் நடந்துவந்தாள்.

மறுநாளே கப்பல் டிக்கெட்டுக்குச் சொல்லிவிட்டார். தைக்குப் பேசியிருந்த கல்யாணம் ஆவணிக்கு வந்தது. அப்பாவுக்கு லீவு கிடைக்காததால் அம்மாவும் அக்காவும் மட்டும் நாகப்பட்டினம் கப்பலில் ஏறினார்கள். ஏறுமுன் அக்கா என் காதில், "பதில் வந்தா உடனே தந்தி அடிடி. கிடைச்சிருச்சுன்னா நான் மாமா கால்ல விழுந்தாவது நிறுத்திட்டு வந்துருவேன்" என்றாள்.

இரண்டு வாரத்தில் பதில் வந்தது. இடம் கிடைத்திருந்தது. கல்யாணத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. கையெழுத்து விஷயத்தில் மாட்டிக்கொள்வோமே என்ற பயம் பாதி. மீதி, பந்தல்வரை போனவளை எதற்குக் குழப்புவது, அவள் நல்லதுக்குத்தானே என்ற நினைப்பு. கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன். கிடைக்கவில்லை என்று தந்தி கொடுத்தேன்.

கல்யாணம் முடிந்து அக்கா எழுதிய முதல் கடிதத்தில் மாப்பிள்ளையைப் பற்றி இரண்டு வரி இருந்தது. அதற்குக் கீழே, "எந்தப் பாடத்தில் மார்க் குறைந்தது என்று ஏதாவது எழுதியிருந்தார்களா?" என்று கேட்டிருந்தாள்.

கணக்கில் என்று பதில் போட்டேன்.