கழிப்பறைப் பக்கத்து லாட்டிமர்கள்

வெர்ன் ஹாப்ஸ் வீட்டைவிட்டுப் போனது மான் வேட்டைப் பருவம் தொடங்கிய சனிக்கிழமை. மிசௌரி மலைப்பக்கத்தில் அன்று ஆம்பிளைகள் வீட்டைவிட்டுப் போவது ஒரு செய்தியே அல்ல. அதனால் அவன் திரும்பி வரப்போவதில்லை என்பது மனைவி ட்வைலாவுக்குச் செவ்வாய்க்கிழமைதான் உறைத்தது. மீன்பிடிப் படகைக் காணோம். ஃப்ரீசரில் இருந்த மான்கறி முழுவதையும் காணோம். கட்டிலுக்கடியில் துணியில் சுற்றிக் கிடந்த எட்டு லாட்டிமர் ரிவால்வர்களில் ஆகக் குட்டையானதையும் காணோம். மற்ற ஏழும் இருந்தன.

மறுநாள், தான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடச் சமையலறையில் பீன்ஸைக் கிண்டிக்கொண்டே சொன்னாள்: "ஏழு துப்பாக்கி இருக்கிற வீட்ல பொண்டாட்டிய அம்போன்னு விட்டுட்டுப் போறான்னா, ஒண்ணு அவனுக்கு தைரியம் ஜாஸ்தி. இல்லேன்னா, கூட இருந்த காலத்துல என்னை அவன் சரியா பாத்ததே இல்ல."

சுடத் தெரியாதவள் அல்ல. அந்த ஊரில் சுடத் தெரியாதவர்கள் இல்லை. ஆனால் துப்பாக்கி என்றால் அவளுக்கு மண்வெட்டி மாதிரி ஒரு சாமான், அவ்வளவுதான். கோபம் ஆறுவதற்குள் ஏழையும் தலைமுழுகிவிட வேண்டும் என்று, சந்தைத் திடலின் மாட்டுக் கொட்டகையில் நடக்கும் துப்பாக்கிச் சந்தையில் ஒரு மேசை பிடித்தாள். அட்டையில் பெரிதாக எழுதி வைத்தாள்: 'வெர்ன் விட்டுட்டுப் போன குப்பை.'

முதலில் வந்தவர் டெல்பர்ட் ஸ்டேக்ஸ். ஓய்வு பெற்ற தபால்காரர், லாட்டிமர் சேகரிப்போர் சங்கத்தின் தலைவர். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"ஏம்மா, கையில எடுத்துப் பாக்கலாமா?"

அது அங்கே பழக்கம். கேட்காமல் இன்னொருவர் துப்பாக்கியை யாரும் தொடமாட்டார்கள். ட்வைலாவுக்கு அது தெரியாது. அவள் தட்டிலிருந்து கேட்காமலே கோழித்தொடையை எடுத்துத் தின்றவனோடு குடித்தனம் நடத்தியவள். இவர் கேட்டுவிட்டு, பதிலுக்காக நிற்கவும் நிற்கிறார். அவளுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. "எடுங்க, எடுங்க" என்றாள், பந்தியில் பரிமாறுகிறவள் போல. அவர் பார்த்து முடித்து வைத்ததும் இன்னொருவர் தொப்பியைக் கழற்றினார். மத்தியானத்துக்குள் மேசை முன்னால் வழுக்கைத் தலைகளாக ஒரு வரிசை.

லாட்டிமர் அழகான துப்பாக்கி இல்லை. கம்பெனி மூடிப் பல காலம் ஆகிறது. மூடியதில் ஆச்சரியப்பட்டவர்களும் இல்லை. பிடி சர்க்கரைவள்ளிக் கிழங்கு போல உப்பியிருக்கும். விசையைச் சுற்றியுள்ள வளையம் வேண்டாத அளவுக்கு அகலம். "அது குளிருக்கும்மா," என்றார் டெல்பர்ட். "பனியில கையுறைய கழட்டாம விரல் நுழையணும்னு வெச்சது. அழகா செய்ய அவங்களுக்கு நேரமில்ல. ஆனா ஒண்ணு, இது மக்கர் பண்ணி நான் பாத்ததில்ல."

ட்வைலா துப்பாக்கியைப் பார்த்தாள். தன்னையும் ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டாள். "இடுப்பு பெருசு, பேச்சு கம்மி, வேலை மட்டும் நிக்காது. இத்தனை வருஷமா கட்டிலுக்கடியில என் சொந்தக்காரிங்கதான் கெடந்திருக்காளுங்க!"

அட்டையைக் கிழித்துப் போட்டாள். ஒன்றைக்கூட விற்கவில்லை.

பித்து அப்படித்தான் பிடித்தது. இப்போது ஏழுக்கும் பெயர் உண்டு. நீள மூக்குக்காரிக்கு அவள் நாத்தனாரின் பெயர். தொலைக்காட்சி பார்க்கும்போது ஒருத்தியை மடியில் வைத்துக்கொண்டு காலித் தோட்டா உருளையைச் சுற்றிவிட்டுப் பக்கத்திலிருப்பவர் காதருகே பிடிப்பாள். "கேளுங்க, இந்த டிக் டிக். பூனை கத்துற மாதிரி இல்ல?" இல்லை. யாரும் மறுப்பதில்லை. யார் கையில் கொடுத்தாலும் உருளையைத் திறந்து காலி என்று காட்டிவிட்டுத்தான் கொடுப்பாள். பழக்கம் முற்றி, சமையலறையில் மிளகுத்தூள் டப்பாவைக்கூடத் திறந்து காட்டிவிட்டுத்தான் நீட்டுகிறாள்.

சங்கத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. இலையுதிர் காலச் சந்தையில், லாட்டிமர் கம்பெனி செய்த எட்டுக் குழல் நீளத்திலும் ஒவ்வொன்று வைத்திருப்பவருக்கு வாசலருகே மேசை. உள்ளே வருகிற அத்தனை பேரும் முதலில் அங்கேதான் நிற்பார்கள். குடும்பம் நிறையாதவர்களுக்குக் கோடியில், கழிப்பறைப் பக்கம். நீல வெல்வெட் பதித்த பெட்டியில் ஏழு பேரைப் படுக்கவைத்து, எட்டாவது குழியைக் காலியாக விட்டு, ட்வைலா வருஷா வருஷம் அங்கேதான் உட்கார்ந்தாள். அவள் மேசைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் அவசரத்தில் வந்தவர்கள்.

வாசல் மேசைமேல் அவளுக்கிருந்த ஆசை ஊருக்கே தெரியும். வெர்ன் கொண்டுபோன குட்டை எங்கே இருக்கிறது என்பதும் தெரியும்.

"வெர்ன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்னம்மா? ஸ்ப்ரிங்ஃபீல்டுலதான இருக்கான்," என்பார் டெல்பர்ட்.

"அவன்கிட்டயா? அதுக்கு இந்தக் கக்கூஸ் கதவ எண்ணிக்கிட்டே செத்துப் போவேன்."

"போன்ல பேசுனா போதும்மா."

"வாயே தொறக்க மாட்டேன். நாய் செத்ததக்கூட அவனுக்கு நான் சொல்லல. தெரியும்ல?"

ஒரு தடவை டெல்பர்ட் எங்கிருந்தோ வேறொரு குட்டையைத் தேடிக் கொண்டுவந்தார். யாரோ ஒரு விவசாயி நன்றாகத் தேய்த்து, கண்ணாடி போல ஆக்கி வைத்திருந்தான். ட்வைலா மூக்கைப் பிடித்துக்கொள்ளாத குறை.

"பளபளன்னுதானம்மா இருக்கு."

"பொணத்துக்குப் பவுடர் போட்டாலும் பளபளன்னுதான் இருக்கும். கம்பெனி போட்டுக் குடுத்த கருநீலப் பூச்சு எங்க? உறையில உரசின தழும்பு எங்க? அதுதான லாட்டிமர்? எடுத்துட்டுப் போங்க, இதுங்க பாத்தா பயந்துக்கும்." பெட்டியை மூடிவிட்டாள்.

டெல்பர்ட் தலையை ஆட்டிக்கொண்டு எடுத்துப் போனார். உள்ளூர அவருக்கு அதில் பெருமைதான். தேய்த்த துப்பாக்கியை அவரும் வீட்டுக்குள் சேர்க்கமாட்டார்.

இப்படியே வருஷங்கள் போயின. போன அக்டோபரில், சந்தைக்கு முந்தைய நாள் சாயங்காலம், ட்வைலா வழக்கமான கோடியில் பெட்டியை விரித்துக்கொண்டிருந்தாள். விரல் ரேகை படாமலிருக்க வெள்ளைப் பருத்திக் கையுறை மாட்டியிருந்தாள். அடுத்த மேசையில் டெல்பர்ட் சில்லி என்கிற கறியும் பீன்ஸும் போட்ட காரக் குழம்பைக் குடித்துக்கொண்டிருந்தார். மேசைமேல் கிடந்த போன் முனகியது.

"யாரும்மா?"

"அவன்."

சில்லிக் கரண்டி பாதி வழியில் நின்றது. ட்வைலா குனிந்து, உதட்டைக் கோணிக்கொண்டு, செய்தியைச் சத்தமாகப் படித்தாள்.

"'ட்வைலா, நான் வெர்ன். நல்லா இருக்கியா?' கேக்குறான் பாருங்க, இப்போ. 'நான் ஃப்ளோரிடா பக்கம் போறேன். அந்தக் குட்டைய விக்கலாம்னு இருக்கேன். உனக்கு வேணும்னா முதல்ல உனக்குத்தான்.' ஆகா, தர்மப் பிரபு! நான் பதில் போடுவேன்னு நெனச்சுக்கிட்டு இருக்கான். போடமாட்டேன், டெல்பர்ட். இந்த ஜென்மத்துல போடமாட்டேன். 'வேற ஒண்ணும் ஆகல, லேசா துரு. கவலைப்படாத, பாத்திரம் தேய்க்கிற கம்பி நார் வாங்கிட்டேன். இப்பவே ஒக்காந்து தேய்ச்சு புதுசு மாதிரி...'"

அதற்குமேல் படிக்கவில்லை. போனை விரலால் குத்தினாள். கையுறை விரலுக்குப் போன் மசியவில்லை. மறுபடி குத்தினாள். பிறகு கையை வாயருகே கொண்டுபோய், கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துத் தரையில் துப்பினாள்.

"வெர்ன்! நான்தான். அத கீழ வை. வெச்சிட்டியா? ரெண்டு கையையும் பாக்கெட்டுக்குள்ள விடு. தயவுசெஞ்சு, வெர்ன், கெஞ்சிக் கேக்குறேன், விட்டுட்டு அப்படியே நில்லு. நான் கெளம்பிட்டேன்."