வீரமுத்து போடுங்க

தம்போய் ஊர்க் கிடங்கில் ஜாகாவாக, அதாவது காவலாளியாக, வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே வீரமுத்துவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாசல் காவலில் நின்றவரின் காதில், உள்ளே யாரோ தொண்டை கிழியக் கத்துவது விழுந்தது.

"வீரமுத்து போடுங்க!"

அரட்டையடித்தபடி கும்பலாக வந்த பெண்கள் சட்டென்று ஒருவர் பின் ஒருவராகச் சுவரோரம் ஒதுங்கி நடந்தார்கள். சாமான் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி அவர்களை உரசாமல் போனது.

தன் பெயரை இவர்களுக்கு யார் சொன்னது? மனுஷனுக்கு வியர்த்துவிட்டது. முன்பு இங்கே வேலை பார்த்தவர்தான். ஆனால் அது எந்தக் காலத்துக் கதை, பழைய முகம் ஒன்றுகூட மிச்சமில்லை. தேநீர் வேளையில் பிரவீனா என்ற பெண்ணைப் பிடித்துக் கேட்டார்.

"அது ஒண்ணுமில்ல அங்கிள். ஒத்தை வரிசையா நடக்கணும்னா இங்க அப்படித்தான் சொல்வாங்க. முன்ன வீரமுத்துன்னு ஒருத்தர் கூட்டாளியோட ஜோடி போட்டுப் பேசிக்கிட்டே நடந்தாராம். வண்டி அடிச்சு செத்துட்டாரு. பாவம் லா."

செத்துவிட்டாராமே! உயிரோடு நின்றவர் தன் கையைத் தானே கிள்ளிப் பார்த்துக்கொண்டார்.

உண்மையில் செத்தவன் அவரோடு ஜோடியாக நடந்த கூட்டாளி தங்கராஜு. அன்று மேலங்கி இல்லாமல் வந்தவனுக்கு வீரமுத்துதான் தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தார். அதன் முதுகில் பெரிய எழுத்தில் அவர் பெயர். தரையில் கிடந்தவனைச் சுற்றி நின்றவர்கள் படித்தது அந்தப் பெயரைத்தான். வீரமுத்து யாரிடமும் எதையும் சொல்லாமல் அன்றோடு வேலையை விட்டார். பிறகு ஆட்கள் மாற மாற, பெயர் மட்டும் நின்றுவிட்டது. உயிரை விட்டவன் ஒருவன், பெயர் வாங்கியவன் இன்னொருவன். என்ன அநியாயம் இது!

"அம்மா, அந்த வீரமுத்து நான்தான். செத்தது என் கூட்டாளி தங்கராஜு. இனிமே அவன் பேரச் சொல்லுங்கம்மா."

"அலமாக்!" பிரவீனா கையிலிருந்த தேநீரைக் கொட்டிவிட்டாள். விஷயம் கேட்டு ஓடிவந்த மற்ற பெண்களுக்கும் பேயைப் பார்த்த முகம். இனி தங்கராஜு என்றே சொல்வதாக எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். வீரமுத்துவுக்கு நெஞ்சுப் பாரம் இறங்கியது.

மணியடித்தது. பெண்கள் பேசிக்கொண்டே கிளம்பினார்கள். மூலையில் வண்டி திரும்புவதைப் பார்த்த பிரவீனா, "தங்கராஜு போடுங்க!" என்று கத்தினாள். வாய் ஒப்புக்கொண்டது காலுக்கு எட்டவில்லை. ஒருத்தியும் ஒதுங்கவில்லை. யாரைக் கூப்பிடுகிறாள் என்று இரண்டு பேர் நின்று திரும்பி வேறு பார்த்தார்கள். வண்டி நெருங்கிவிட்டது.

வீரமுத்து முன்னால் பாய்ந்தார்.

"வீரமுத்து! வீரமுத்து போடுங்க!" தன் பெயரைத் தானே அலறினார்.

நொடியில் வரிசை விழுந்தது. வண்டி போனபிறகு, யாருக்கும் கேட்காத குரலில் தங்கராஜுவின் பெயரைச் சொல்லி அழுதார்.