மச்சான் தந்த குரோனோகிராப்

மனைவியின் தம்பி டோஹாவில் ஒரு கட்டட வேலைத்தளத்தில் பாதுகாப்பு மேற்பார்வையாளர். போன வருடம் மாரி முடிந்த கையோடு லீவில் வந்தவர், வந்த அன்றே வீட்டில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க என் இடது கையை இழுத்துப் பிடித்து ஒரு மணிக்கூட்டைப் பூட்டிவிட்டார். உருக்குச் சங்கிலி, கறுப்பு முகம், அதற்குள் இன்னும் மூன்று குட்டி வட்டங்கள், பக்கத்தில் இரண்டு பொத்தான்கள்.

“மச்சான், இது சும்மா மணிக்கூடு இல்ல, குரோனோகிராப். ஓட்டப் போட்டிக்கு நேரம் புடிக்கலாம். உங்கட வேலைக்கெண்டே பாத்து எடுத்த” என்றார்.

நான் கல்முனையில் ஒரு பாடசாலையில் இருபத்திரண்டு வருடமாக உடற்கல்வி ஆசிரியர். என் வேலைக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டொப்வோச் போதும். அது கழுத்தில் கயிற்றில் தொங்கும், மழையில் நனையும், மைதானத்து மண்ணில் விழும், தட்டிவிட்டால் வேலை செய்யும். ஆனால் அவர் முகத்தில் இருந்த சந்தோசத்தைப் பார்த்துவிட்டு அதைச் சொல்ல வாய் வரவில்லை. “மாஷா அல்லாஹ், வடிவா இரிக்கி” என்றேன். அது பொய்யும் இல்லை. வடிவாகத்தான் இருந்தது.

மறுநாளே அலுப்புத் தொடங்கியது. சங்கிலி பெரிது, கையை உயர்த்தினால் முழங்கைப் பக்கம் ஓடும், தாழ்த்தினால் உள்ளங்கையில் வந்து முட்டும். பஸாரில் வழக்கமாக மணிக்கூடு திருத்துகிறவரிடம் கொண்டுபோனேன். கண்ணாடியை மாட்டி ஒரு தடவை திருப்பிப் பார்த்தவர், பெட்டிக்குள் பாம்பு கிடந்ததைப் போலக் கையை எடுத்துவிட்டார்.

“சேர், குறை நினைக்காதீங்க. இதில ஒரு கீறல் உழுந்தா நான் பதில் சொல்ல ஏலா. கொழும்புக்குத்தான் கொண்டு போகோணும்.”

இரண்டு கண்ணியைக் கழற்ற ஒருவன் கொழும்புக்கு பஸ் ஏறுவானா? சங்கிலிக்கு அடியில் சட்டைக் கையை மடித்துவிட்டுச் சமாளித்தேன்.

நேரம் பார்ப்பதே பெரும்பாடு. எனக்கு ஐம்பது நெருங்குகிறது, கிட்டே இருப்பதைப் பார்க்கக் கண்ணாடி வேண்டும். பெரிய முள் செக்கனைக் காட்டும் என்று நினைத்தால் அது அசையாமல் பன்னிரண்டில் நிற்கும். பொத்தானை அமத்தினால்தான் ஓடுமாம். உண்மையான செக்கன் ஒரு குட்டி வட்டத்துக்குள் எறும்பு மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தது. மணி என்ன என்று யாராவது கேட்டால் நான் பொக்கெட்டிலிருந்து போனை எடுத்துப் பார்த்துச் சொன்னேன். கேட்டவர்கள் என் கையையும் பார்த்தார்கள், போனையும் பார்த்தார்கள்.

தொழுகைக்குக் கைகால் கழுவி வுழுச் செய்யும்போது கழற்ற வேண்டும். ஒரு நாள் மதிய ளுஹர் தொழுகைக்கு முன் பள்ளிவாசல் ஹவுள் தொட்டியின் ஓரத்தில் வைத்துவிட்டுத் தொழப் போய்விட்டேன். முதலாவது ரக்அத்தில் ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு என்ன ஓதினேன் என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். ஸலாம் கொடுத்துத் தொழுகை முடிந்த உடனே எழும்பி ஓடினேன்; வைத்த இடத்தில் இருந்தது. நிம்மதி வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இவ்வளவு காலமும் நான் தொழுகைக்குள் ஒரு சாமானை நினைத்துக்கொண்டு நின்றதில்லை. பயத்தில் இரண்டு நாள் வீட்டில் வைத்துவிட்டுப் போனால் மணிக்கூடு நின்றுவிடும். கையில் கிடந்து அசைந்தால்தான் ஓடுமாம். பிறகு நேரத்தை வைத்து, திகதியைத் திருப்பி, அதுவும் ஒரு வேலை.

“கழட்டி வைங்களேன்” என்றாள் மனைவி.

“உங்கட தம்பி போறவரைக்கும் எப்படிக் கழட்டுற?”

அந்த லீவுக்குள் எங்கள் பாடசாலையின் விளையாட்டுப் போட்டி வந்தது. மச்சானும் வந்து பந்தலுக்குள் முன்வரிசையில் இருந்தார். பெண் பிள்ளைகளின் எண்ணூறு மீற்றர் ஓட்டத்தை, பிள்ளைகள் அதிகம் என்பதால், இரண்டு தடவையாகப் பிரித்து ஓடவிட்டோம். ஒவ்வொன்றிலும் முதலாவது வருகிறவர் நேரே வலயப் போட்டிக்குப் போவார். இரண்டாவது வருகிற இருவரில் யாருடைய நேரம் குறைவோ, அவர் மூன்றாவது ஆளாகப் போவார். முதலாம் இடத்துக்கு இன்னொரு ஆசிரியர் நேரம் பிடித்தார். இரண்டாம் இடம் என்னுடையது.

ஸ்டொப்வோச் கழுத்தில்தான் தொங்கியது. பந்தலிலிருந்து மச்சான் போனை உயர்த்திப் படம் எடுப்பதைப் பார்த்தேன். கயிற்றைச் சட்டைக்குள் தள்ளிவிட்டு மணிக்கூட்டைக் கழற்றிக் கையில் பிடித்தேன்.

விசில் ஊதியதும் மேல் பொத்தானை அமத்தினேன். பெரிய முள் ஓடத் தொடங்கியது. இரண்டாவதாக வந்தது சாய்ந்தமருதிலிருந்து வரும் பத்தாம் வகுப்புப் பிள்ளை. கடைசி வளைவில் இருவரை முந்திக்கொண்டு, பற்களைக் கடித்துக்கொண்டு வந்தாள். அவள் கோட்டைத் தாண்டியதும் சரியாக நிறுத்தினேன். குட்டி வட்டத்தில் நிமிடம் தெரியவில்லை. கண்ணிலிருந்து தள்ளிப் பிடித்துப் பார்க்கத் திருப்பினேன். பெருவிரல் கீழ்ப் பொத்தானில் பட்டது. நேரம் பிடித்த முள்ளெல்லாம் ஒரே துள்ளலில் பன்னிரண்டுக்குத் திரும்பின.

பிள்ளை மூச்சிரைக்க என்னிடம் வந்து, “சேர், எனக்கு எத்தின?” என்று கேட்டாள்.

ஒரு எண்ணைச் சொல்லியிருக்கலாம். இருபத்திரண்டு வருட அனுபவத்தில் சுமாராக எனக்குத் தெரியும். ஆனால் அந்த எண் இன்னொரு பிள்ளையின் இடத்தை எடுக்கும். “நேரம் அழிஞ்சிட்டு மகள். பிழை என்னட” என்றேன். அவள் மணிக்கூட்டைப் பார்த்தாள்.

இரண்டாவது ஓட்டத்துக்கு ஸ்டொப்வோச்சை எடுத்தேன். அதில் எந்தக் குழப்பமும் வரவில்லை. ஆனால் ஒப்பிட மற்ற நேரம் இல்லையே. அதிபருடன் பேசி, இரண்டாவது வந்த இரண்டு பிள்ளைகளையும் பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு சேர்த்து ஓடவிடுவது என்று முடிவாகியது. சாய்ந்தமருதுப் பிள்ளையின் உம்மா பந்தலிலிருந்து இறங்கி வந்தார்.

“அவ ஒழுங்காத்தானே ஓடின சேர்? மறுகா ஏன் ஓடோணும்?”

“என்ட பிழைதான். வேற வழி இல்ல.”

“உங்கட பிழைக்கு என்ட புள்ளையா ஓடோணும்?”

இடையில் அஞ்சலோட்டமும் ஓடியிருந்த பிள்ளை அஸருக்குப் பிறகு காலை இழுத்துக்கொண்டு ஓடினாள். நாலைந்து காலடி வித்தியாசத்தில் தோற்றாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் மோட்டார்சைக்கிளின் பின்னால் இருந்து மச்சான், “பொத்தான மாறி அமத்திட்டீங்க மச்சான். பழகினாச் சரியா வரும்” என்றார். நான் வண்டியை ஓரத்தில் நிறுத்தினேன்.

“பழக நான் ஆரும் இல்லாத மைதானத்திலயா நேரம் புடிக்கிறன்? அங்க ஓடுறது புள்ளைகள். எனக்கு இது வேணா மச்சான். கொண்டு போங்க.”

அவர் பின்னாலிருந்து இறங்கினார்.

“ஒவ்வொரு லீவுக்கும் சோப்பும் சென்டும்தான் கொண்டந்தன். ஒருக்காவாவது உங்கட வேலைக்கு உதவுறாப்போல ஒண்டு தரோணும் எண்டு நினைச்சன். ஓட்டப் போட்டிக்கு எது நல்லம் எண்டு கடைக்காரனிட்டக் கேட்டன். அவன் இதத்தான் காட்டின.”

“நீங்களே கட்டலாமே.”

“எங்கட சைட்ல கையில இரும்பு போட ஏலா. போட்டவன எழுதிப் புடிக்கிறதே என்ட வேலைதான்.”

அவர் மேல் இருந்த கோபம் அந்த இடத்திலேயே போய்விட்டது. மணிக்கூட்டின் மேல் இருந்தது போகவில்லை. கடைக்காரன் மேலும் போகவில்லை. ஆளுக்கொரு கட்டிலும் ஒரு பெட்டியும் போட்டுப் பன்னிரண்டு பேர் படுக்கும் அறையிலிருந்து போய் நின்ற மனிதனுக்கு, மைதானம் என்றால் என்னவென்று தெரியாத ஒருவன் அதை விற்றிருக்கிறான். அதைவிடக் கோபம் என் மேல். மச்சான் மனம் நோகக்கூடாது என்று ஒரு பிள்ளையின் ஓட்டத்தை விட்டுக்கொடுத்தது நான்தான்.

அவர் திரும்பிப் போகும்போது மணிக்கூட்டைக் கொண்டுபோகவில்லை. விற்கவும் எங்களுக்கு மனம் வரவில்லை. அலுமாரியில் கிடக்கிறது. கல்யாண வீடுகளுக்குக் கட்டிக்கொண்டு போவேன். அங்கே எனக்கு நேரம் தேவைப்படுவதில்லை. நாலு பேர் கையைப் பிடித்துப் பார்ப்பார்கள், விலை கேட்பார்கள், நான் தெரியாது என்பேன். மச்சான் வீடியோவில் வந்தால் கதையோடு கதையாக “நல்லா ஓடுதா?” என்று கேட்பார். ஓடுது என்பேன்.

இந்த வருடம் எண்ணூறு மீற்றருக்குப் பெயர் எழுதும் தாளுடன் பதினோராம் வகுப்புக்குப் போனேன். அந்தப் பிள்ளை பேனையை எடுத்தாள். எழுதவில்லை.

“சேர், இந்த முறை ஆரு நேரம் புடிக்கிற?”

வகுப்பில் யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

“மற்றச் சேர்” என்றேன்.

அதன் பிறகுதான் பெயரை எழுதினாள்.