கோவாவுக்கு மாட்டிய கண்ணாடி

எண்பதுகளின் கடைசிப் பகுதி. சூரிச்சில், ஓர்லிகோனில் ரயில் பாதைக்குப் பின்னால் இருந்த ஒரு நான்கு மாடிக் கட்டடத்தில் குடியிருந்தோம். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து மூன்று வருடம் ஆகியும் எனக்குத் தெரிந்த ஜெர்மன் சொற்களை இரண்டு கை விரல்களில் எண்ணிவிடலாம். கடையிலும் டொக்டரிடமும் எனக்காகக் கதைப்பது பதினொரு வயது மகள்தான்.

அந்தக் கோடையில் ஒருநாள் அவள் தயங்கித் தயங்கி வந்தாள். புதன்கிழமை பின்னேரங்களில் இங்கே பள்ளிக்கூடம் இல்லை. கட்டடத்துப் பிள்ளைகள் எல்லாரும் பின்வளவில், பிளாஸ்டிக் குண்டு சுடும் விளையாட்டுத் துவக்குகளோடு இரண்டு கட்சியாகப் பிரிந்து விளையாடுகிறார்களாம். தானும் போகட்டுமா என்று கேட்டாள். எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது.

"துவக்குக்குப் பயந்துதான் இவ்வளவு தூரம் ஓடி வந்தனாங்கள். அந்தச் சொல்லே இந்த வீட்டுக்குள்ள கேக்கக் கூடாது" என்று கத்தினேன். அவள் மறுபேச்சு இல்லாமல் போய்விட்டாள். பிள்ளை சொல்வழி கேட்கிறது என்று எனக்கு ஒரே பெருமை.

எங்கள் கட்டடத்தில் உடுப்புத் தோய்க்கும் மெஷின் நிலவறையில் இருந்தது. யாருக்கு எந்த நாள் என்று முறை உண்டு. முடிந்ததும் மெஷினைத் துடைத்து, நிலவறையைப் பூட்டிவிட்டுத்தான் அதன் திறப்பை அடுத்தவரிடம் கொடுக்கவேண்டும். எங்களுக்கு அடுத்த முறை இரண்டாம் மாடிப் பெண்மணிக்கு. படியில் கண்டு சிரித்தால்கூடத் திரும்பிச் சிரிக்காத மனுஷி. இரண்டு மூன்று கிழமை கழித்து அவரே வந்து எங்கள் கதவைத் தட்டினார். கையை ஆட்டி ஆட்டிப் பொரிந்து தள்ளினார்.

"என்னவாம்?" என்று மகளைக் கேட்டேன்.

"மெஷினுக்குள்ள ஏதோ கிடந்ததாம், அம்மா" என்று இழுத்தாள். தன்மேல் வந்த முறைப்பாட்டைத் தானே மொழிபெயர்க்க வேண்டிய நிலை, பாவம். அந்தப் பெண்மணி என் உள்ளங்கையில் நான்கு மஞ்சள் மணிகளை வைத்துவிட்டுப் படியிறங்கினார். மிளகைவிடக் கொஞ்சம் பெரிய, கெட்டியான குண்டுகள். மகளின் காற்சட்டைப் பையில் இருந்து விழுந்தவை.

அப்போதுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. இரண்டு நாளைக்கு முன் அவளுடைய இடது புருவத்துக்கு மேல் ஒரு சிவப்பு வட்டத்தைக் கண்டிருந்தேன். சாமிப் படத்தடியில் வைத்த குங்குமம் வேர்வையில் இறங்கிவிட்டது என்று நினைத்து, "முகத்தைக் கழுவு" என்று சொல்லிவிட்டு வேலைக்கு ஓடினேன். இப்போது அந்த இடத்தை விரலால் தொட்டேன். துள்ளி விலகினாள். கண்ணுக்கும் அந்தக் காயத்துக்கும் இடையில் ஒரு விரற்கடைதான். அடிக்க ஓங்கிய கையால் என் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

"கண்ணுக்கு ஒண்டும் போடயில்லையோ?"

"ஒருத்தரும் போடுறேல்லை, அம்மா. உங்களிட்டச் சொன்னா விளையாடவே விடமாட்டியள்."

அந்தப் பதில் என்னைச் சுட்டது. நான் தடுத்ததாக நினைத்த விளையாட்டு நடந்துகொண்டுதான் இருந்தது. என்னிடம் சொல்வதைத்தான் அவள் நிறுத்தியிருந்தாள்.

அப்போது நான் ஒரு இயந்திரப் பட்டறையில் துப்புரவு வேலை செய்தேன். அங்கே பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் விளக்குமாற்றைத் தொடவும் மேற்பார்வையாளர் விடமாட்டார். கூட்டுகிறவளுக்கு எதற்கடா கண்ணாடி என்று அவரை மனதுக்குள் எத்தனை நாள் திட்டியிருப்பேன்! மறுநாள் அவரிடம் ஒரு மஞ்சள் குண்டைக் காட்டினேன். என் கண்ணைத் தொட்டேன். பிறகு மகளின் உயரத்துக்குக் கையைப் பிடித்துக் காட்டி, ஏழு விரலை நீட்டினேன். மனுஷன் உடனே அலுமாரியைத் திறந்தார். பக்கமெல்லாம் மூடிய, தலையைச் சுற்றி மாட்டும் ஏழு கண்ணாடிகளை எடுத்துத் தந்தார்.

புதன்கிழமை அவற்றோடு ஒரு கோவாவையும், அதுதான் முட்டைக்கோசையும், பையில் போட்டுக்கொண்டு பின்வளவுக்குப் போனேன். பிள்ளைகள் கண்ணாடிகளைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். துவக்குகளுக்குச் சொந்தக்காரன் ஒரு சுருட்டைமுடிப் பையன். தான் போட்டிருந்த வெயில் கண்ணாடியே போதும் என்றான். அதை எனக்கு மொழிபெயர்த்த மகளுக்கு வெட்கத்தில் தலை நிமிரவில்லை.

நான் கோவாவை மதிலில் வைத்து, சந்தையில் வாங்கிய என் வெயில் கண்ணாடியை அதற்கு மாட்டினேன். எல்லாரையும் பட்டறைக் கண்ணாடி போடவைத்துப் பின்னால் நிறுத்தினேன். சுருட்டைமுடியனை நாலடி தள்ளி நின்று கோவாவைச் சுடச் சொன்னேன். பட்டென்று ஒரு சத்தம். ஒரு பக்கத்துக் கண்ணாடி உடைந்து, அதன் துண்டு கோவா இலையில் குத்தி நின்றது. சிரிப்பு அடங்கிவிட்டது. பிறகு பட்டறைக் கண்ணாடி ஒன்றை மாட்டி மூன்று தரம் சுடவைத்தேன். சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள், அவ்வளவுதான்.

மேலே பல்கனியில் நின்று பார்த்த யாரோ படியில் தடதடவென்று இறங்கி வந்தார்கள். பார்த்தால், இரண்டாம் மாடிப் பெண்மணி! சுருட்டைமுடியன் அவருடைய மகன்தானாம். மெஷினுக்குள் கிடந்த குண்டுகள் அவர் வீட்டுக் குண்டுகளே! கோவாவில் குத்தியிருந்த துண்டைப் பிடுங்கிப் பார்த்தார். மகனின் கண்ணாடிப் பட்டியைத் தன் கையாலேயே இழுத்து இறுக்கினார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார்.

"புதன்கிழமையில நீங்கள் வந்து நிக்கேலுமோ எண்டு கேக்கிறா, அம்மா."

"நிக்கிறன். அவவும் வந்து நிக்கவேணும் எண்டு சொல்லு."

நின்றார். அந்தக் கோடையின் மிச்சம் முழுவதும் நாங்கள் இருவரும் நின்றோம். கிட்ட நின்று சுடக் கூடாது, கடைசித் துவக்கும் என் பைக்குள் வரும்வரை யாரும் கண்ணாடியைக் கழற்றக் கூடாது என்று சட்டம் போட்டேன். தூரத்தில் பார்ப்பவருக்கு அவை நிஜத் துவக்குப் போலவே தெரியும். அதனால் ஒரு துவக்கும் வெளியே தெரியத் தெருவுக்குப் போகக் கூடாது, பைக்குள்தான் போகவேண்டும். பிள்ளைகள் என்னை 'செஃபின்' என்று கூப்பிடத் தொடங்கினார்கள். முதலாளியம்மா என்று அர்த்தமாம். பகல் முழுக்கப் பட்டறை கூட்டியவளுக்கு அதைக் கேட்கக் கேட்க நடையே மாறிவிட்டது.

கோடை முடிகிற நேரம் ஒரு புதன்கிழமை, மகள் சிரித்துக்கொண்டே என்னிடம் ஓடி வந்தாள். அவள் கண்ணாடியில், இடது கருமணிக்கு நேரே, ஒரு வெள்ளைப் புள்ளி. "இஞ்ச பாருங்கோ அம்மா, எனக்கு ஒண்டுமில்லை!" என்று குதித்தாள்.

மகள் இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். அந்தக் கண்ணாடி இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது. பேரப்பிள்ளைகள் எதையாவது கேட்கும்போது 'கூடாது' என்று என் வாய் முந்தினால், அதை எடுத்து அந்தப் புள்ளியை ஒருதரம் தடவிப் பார்த்துவிட்டு, "சரி வாங்கோ, எப்பிடி விளையாடுறது எண்டு எனக்கும் காட்டுங்கோ" என்று கூடவே இறங்கிப் போகிறேன்.